கையாலேயே ஒரு மோட்டார் படகு: பின்பலகையிலிருந்து சன்னல் வரை

மலேசியாவில் பெர்ணம் ஆற்றின் இக்கரை பேராக் மாநிலம், அக்கரை சிலாங்கூர். நாங்கள் இருக்கும் ஊத்தான் மெலிந்தாங், செம்பனைத் தோட்டங்களுக்கும் மீன்பிடி ஜெட்டிகளுக்கும் நடுவில் கிடக்கும் சின்ன டவுன். தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்களுக்கு ஆறு எப்போதும் பக்கத்திலேயே இருந்தது, படகுதான் இல்லை. ஆற்று இறாலுக்குத் தூண்டில் போட ஆசைப்பட்டால் யாரிடமாவது சம்பான் கேட்டு நிற்க வேண்டும். எண்ணெய் மில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, நானும் மச்சானும் சேர்ந்து பதினெட்டு அடி பைபர் படகு ஒன்றின் வெறும் கூட்டை வாங்கினோம். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே வைத்து அதை முழுப் படகாக்கினோம். முன்பக்கம் சின்ன கேபின், மூன்று சன்னல், பின்னால் வெளியே தொங்கும் 40 எச்பி அவுட்போர்ட் இன்ஜின்.

கிரைண்டரும் டிரில்லும் பிடித்துப் பழகிய கை இதற்கு வேண்டும். நம் தோட்டப்புறத்தில் அப்படிப்பட்ட கைகளுக்குப் பஞ்சமில்லை. மில்லிலும் டிராக்டர் ஷெட்டிலும் வேலை பார்த்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இன்ஜின் பொருத்துவது, சன்னல் வைப்பது, ஒயர் இழுப்பது எல்லாமே கூட்டில் துளை போடும் வேலைதான். நல்ல கூடு தானாகக் கெடுவதில்லை. நாம் போட்டுவிட்டு ஒழுங்காக அடைக்காமல் விட்ட துளை வழியாகத்தான் கெடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் துளையைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவேன்.

கூட்டைத் தட்டிப் பார்ப்பது

வாங்குமுன் ஒரு சுத்தியலின் மரக் கைப்பிடியால் கூடு முழுவதும் தட்டுங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே மரம் ஊறிப்போன இடம் ஈரச் சுவரைத் தட்டியது போல மந்தமாக இருக்கும். கவனமாகத் தட்ட வேண்டியது டிரான்சம் என்று சொல்லும் பின்பலகையை. இன்ஜின் தொங்குவதும் தள்ளுவதும் அதில்தான். வெளியே பைபர் பளபளவென்று இருந்தாலும் உள்ளே பிளைவுட் புட்டாகக் கிடக்கலாம்.

சந்தேகம் இருந்தால் உட்பக்கமாக, கீழ் மூலையில், 5 மில்லி டிரில்லால் ஒரு சின்னத் துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, காய்ந்து உதிர்ந்தால் மரம் நன்றாக இருக்கிறது. எங்களுடையதில் இடது கீழ் மூலையிலிருந்து கறுப்பாக, விரலில் ஒட்டும் சேறு போல வந்தது. பழைய சொந்தக்காரர் இன்ஜின் போல்ட்டைச் சும்மா முறுக்கி வைத்திருக்கிறார்; துளையின் உள்சுவரில் ஒன்றுமே பூசவில்லை. பல வருடம் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியிருக்கிறது.

பின்பலகையைப் புதுப்பிப்பது

வெளிப்பக்கத் தோலை விட்டுவிட்டு உட்பக்கத் தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடுங்கள். ஊறிய பிளைவுட்டை உளியால் முழுதாகச் சுரண்டி எடுத்து, நான்கைந்து நாள் மின்விசிறி வைத்துக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஒட்டினால் செய்த வேலை வீண்.

புதிய பலகைக்கு மெரின் பிளைவுட்தான் வேண்டும். சட்டம் அடிக்கும் சாதாரண பிளைவுட்டில் உள்ளே பொந்துகள் இருக்கும். 18 மில்லி பலகை இரண்டை ஒன்றாக ஒட்டினால் 36 மில்லி கனம் வரும். பழைய பலகையின் கனத்தை முதலில் அளந்து, அதற்குக் குறையாமல் வையுங்கள். பலகைக்கும் வெளித்தோலுக்கும் நடுவிலும், இரண்டு பலகைகளுக்கு நடுவிலும் ரெசினில் (இறுகும் பிசினில்) நனைத்த பைபர் மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும்.

ரெசின் விஷயத்தில் நம் வெயிலுக்கு ஏற்ற கணக்கு வேண்டும். பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்டனர் பொதுவாக 1 முதல் 2 சதவிகிதம். நம் ஊர் மத்தியானச் சூட்டில் 1 சதவிகிதமே போதும், அதாவது ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராம். அதிகம் ஊற்றினால் டப்பாவிலேயே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ ரெசின் குடிக்கும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவது நல்லது. அப்புறம் இடி மழை வந்தால் காற்றில் ஈரம் ஏறிவிடும். பழைய பைபரை 40 நம்பர் மணல் தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகே புது மேட் ஒட்டுங்கள். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

ஒரு வரிசையை நினைவில் வையுங்கள். எபாக்சி என்பது இன்னொரு வகை ரெசின். காய்ந்த பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாக ஒட்டும். காய்ந்த எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. அதனால் மேட் ஒட்டும் பெரிய வேலைகளையெல்லாம் முடித்த பிறகுதான் எபாக்சியைத் தொட வேண்டும்.

பலகை மூடியதும் இருக்கைகளுக்கு அடியில் நீர் குடிக்காத நுரைக் கட்டிகளை அடுக்குங்கள். படகில் நீர் நிறைந்தாலும் அவை அதை மூழ்காமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் விழுந்தவருக்குக் கையில் பற்றிக்கொள்ளும் படகுதானே உயிர்.

இன்ஜின்

முதலில் அளவு. படகுத் தயாரிப்பாளர் தகட்டில் எழுதிய அதிகபட்ச எச்பியைத் தாண்ட வேண்டாம். எடையும் முக்கியம். 40 எச்பி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் சுமார் 75 கிலோ. அதே சக்தியுள்ள நாலு ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட 100 கிலோ வரும். பதினெட்டு அடிப் படகின் பின்முனையில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நாங்கள் எடுத்தது யமாஹா இரண்டு ஸ்ட்ரோக், செகன் ஹேண்ட். எங்கள் கரையோரத்தில் எந்த ஜெட்டியிலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார், சாமானும் கிடைக்கும்.

செகன் ஹேண்ட் வாங்கும்போது ரசீதையும் இன்ஜின் நம்பரையும் ஒத்துப் பாருங்கள். நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஏதோ ஒரு மீனவரின் பிழைப்பு அது. அப்புறம் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கினால் தேத்தாரே (பால் தேநீர்) போல வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை எப்படியிருந்தாலும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

இன்ஜினின் ஷாஃப்ட் நீளமும் பின்பலகை உயரமும் பொருந்த வேண்டும். குட்டை ஷாஃப்ட்டுக்குப் பின்பலகை 15 அங்குலம், நீள ஷாஃப்ட்டுக்கு 20 அங்குலம். நடுக்கோடு கண்டுபிடிக்க, படகின் மூக்கிலிருந்து பின்பலகையின் இரண்டு ஓரத்துக்கும் நூல் கட்டி அளந்து, நடுவைக் குறியுங்கள். பின்பலகையை மட்டும் அளந்தால் கூடு கோணலாக இருப்பது தெரியாது.

உயரம் பார்க்க, படகின் அடிப்பாகத்தோடு ஒரு நேரான அலுமினியச் சட்டத்தை ஒட்டிப் பின்பக்கமாக நீட்டுங்கள். நீரில் சுற்றிப் படகைத் தள்ளும் காற்றாடிக்கு (ப்ரொப்பெல்லர்) மேலே உள்ள தட்டையான தகடு அந்தச் சட்டத்தோடு சமமாகவோ, ஓர் அங்குலம் வரை கீழாகவோ இருக்க வேண்டும். மேலே போனால் காற்றாடி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும்; ரொம்பக் கீழே போனால் படகு இழுபடும், பெட்ரோல் கூடும்.

இப்போது துளை. இன்ஜின் போல்ட் 12 மில்லி என்றால், முதலில் 18 மில்லி துளை போடுங்கள். வெளிப்பக்கம் டேப் ஒட்டி அடைத்து, சிலிக்கா பொடி கலந்து பசை போலக் கெட்டியாக்கிய எபாக்சியால் துளையை முழுதாக நிரப்புங்கள். நன்றாக இறுகியதும் அதன் நடுவில் 12 மில்லி துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிக் குழாய் ஒன்று இருக்கிறது. சீலண்ட் என்றாவது தோற்றாலும் நீர் பிளைவுட்டைத் தொட முடியாது. நாலு துளைக்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும். பழைய சொந்தக்காரர் அந்த ஒரு நாளை ஒதுக்கியிருந்தால் நாங்கள் பின்பலகையையே வெட்டியிருக்க வேண்டாம்.

போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ், உட்பக்கம் அகல வாஷர், அதிர்வில் கழன்றுவிடாத நைலாக் நட். வெளிப்பக்கம் போல்ட் தலைக்கடியில் பாலியூரெத்தேன் சீலண்ட். ஸ்டெயின்லெஸ் மரையில் கிரீஸ் தடவாமல் வேகமாக முறுக்கினால் நட் நடுவழியில் கவ்விக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். இன்ஜினைப் பின்பலகையில் கவ்வும் கைப்பிடி ஸ்குரூ இருக்கிறதே, போல்ட் எதற்கு என்று நினைக்காதீர்கள். மிதக்கும் மரத்தில் ஒரு முறை மோதினால் அந்த ஸ்குரூ நழுவிவிடும்.

காற்றாடியின் பிச் (ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னே தள்ளும் என்ற அளவு) சரியா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். முழு வேகத்தில் இன்ஜின், புத்தகத்தில் சொன்ன சுற்று எண்ணிக்கைக்குள் வர வேண்டும். எங்களுடையதற்கு 4500 முதல் 5500. அதற்குக் கீழே திணறினால் பிச் குறைந்த காற்றாடி மாட்டுங்கள். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்று ஏறும்.

இன்ஜின் உலோகம் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் உலோகக் கட்டிதான் ஆனோடு. அதை வாங்கும்போது கடையில் தருவதை அப்படியே எடுக்காதீர்கள். கடலுக்குத் துத்தநாகம், சுத்தமான ஆற்று நீருக்கு மெக்னீசியம். எங்கள் ஆற்றில் கடலேற்றத்தோடு உப்பு மேலே ஏறி வருவதால் அலுமினியம்தான் பொருத்தம். அதன் மேல் பெயிண்ட் படக் கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கி, ஒரு சின்னத் தீப்பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் 25 லிட்டர் தூக்குத் தொட்டியைத் திறந்த பின்தளத்தில் வாரால் கட்டி வையுங்கள். மூடிய பெட்டிக்குள் வேண்டாம். நிரப்பும்போது தொட்டியைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் விகிதம் இன்ஜின் புத்தகத்தில் இருக்கும். 50க்கு 1 என்றால் 25 லிட்டருக்கு அரை லிட்டர், டிசி-டபிள்யூ3 முத்திரை உள்ள எண்ணெய். மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஊற்றாதீர்கள். குழாயில் நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும். கைப்பம்பின் அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும்.

சன்னல்

இந்த வேலையில் அதிகம் கற்றுக்கொண்டது சன்னலில்தான். முதலில் நாங்கள் வைத்த பக்கச் சன்னல் மூன்றாவது வாரத்தில் வெடித்தது. மத்தியான வெயிலில் கொட்டகைக்கு வெளியே நின்ற படகைப் பார்க்கப் போனேன். கீழ் வலது மூலை ஸ்குரூவிலிருந்து ஒரு கோடு, தலைமுடி அளவு மெல்லியது, வெயிலில் வெள்ளி போல மின்னிக்கொண்டு அடுத்த ஸ்குரூவை நோக்கிப் போயிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, இத முழுசா பிரிச்சுத்தான் ஆகணுமா?" என்று கேட்டான். பிரித்தோம். காரணம் புரிந்தது.

சன்னலுக்குப் போட்ட பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு) சூட்டில் நன்றாக நீளும். ஒரு மீட்டர் தகடு 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். பைபர் அவ்வளவு நீளாது. நாங்கள் ஸ்குரூத் துளையை ஸ்குரூ அளவுக்கே போட்டு, தலை உள்ளே பதியும் கூம்புத் தலை ஸ்குரூவை இறுக்கியிருந்தோம். நீள இடமில்லாத தகடு ஸ்குரூவை முட்டி வெடித்தது. கூம்புத் தலை ஆப்பு போல வேலை செய்து வெடிப்பைத் தொடங்கி வைத்தது.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? கேபின் சுவரில் சன்னல் வடிவத்தை முதலில் அட்டையில் வெட்டி, டேப்பால் ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். ஓட்டுபவர் உட்காரும் உயரத்திலிருந்தும் பாருங்கள். மிதக்கும் நீப்பாப் பனை மட்டை கண்ணில் படுமா என்பதுதான் கேள்வி. பிடித்த பிறகு ஜிக்சாவால் வெட்டுங்கள். மூலைகளைச் சதுரமாக விடாமல் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்து வெட்டுங்கள். சதுர மூலையில்தான் பைபரும் வெடிக்கத் தொடங்கும். சுவருக்குள் பிளைவுட்டோ நுரையோ இருந்தால், வெட்டிய விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அதைச் சுரண்டி எடுத்து எபாக்சி நிரப்புங்கள். இன்ஜின் துளைக்குச் செய்த அதே வேலைதான்.

தகடு 6 மில்லி கனம் போதும். திறப்பைவிடச் சுற்றிலும் 3 முதல் 4 சென்டிமீட்டர் பெரிதாக வெட்டுங்கள். பெர்ஸ்பெக்ஸா, பாலிகார்பனேட்டா என்று கேட்பார்கள். பாலிகார்பனேட் அடிக்கு உடையாது. ஆனால் எளிதில் கீறல் விழும், நம் வெயிலில் மஞ்சளாகும். ஆற்றுப் படகுக்கு என் தேர்வு பெர்ஸ்பெக்ஸ்தான். வைப்பர் வைக்கப்போகிறீர்கள் என்றால் முன் சன்னலுக்கு மட்டும் லேமினேட் கண்ணாடி போடுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் வைப்பர் ஓடினால் சீக்கிரமே மங்கிவிடும். முன் சன்னலுக்குக் கறுப்புச் சாயத் தகடு வேண்டவே வேண்டாம். இரவில் ஆற்றில் மரக்கட்டை தெரியாது.

துளை போடும்போது தகட்டின் மேல் உள்ள காகிதத்தை உரிக்காதீர்கள். அடியில் மரக்கட்டை வைத்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் போடுங்கள். டிரில் முனை கூர்மையாகக் கவ்வினால், மறுபக்கம் வரும் நேரத்தில் சில்லு பெயரும்; முனையை அரத்தால் லேசாக மழுக்கிக்கொண்டால் சுரண்டிக்கொண்டே இறங்கும். 5 மில்லி போல்ட்டுக்கு 8 மில்லி துளை. போல்ட்டுக்குப் போல்ட் 10 முதல் 12 சென்டிமீட்டர். தலை தட்டையாக மேலே உட்காரும் போல்ட், அதற்கடியில் நைலான் வாஷர்.

இனி சீலண்ட். இன்ஜினுக்குப் பயன்படுத்திய பாலியூரெத்தேன் மிச்சம் இருக்கிறதே என்று சன்னலுக்கு எடுக்காதீர்கள். பெர்ஸ்பெக்ஸும் பாலிகார்பனேட்டும் அதோடு ஒத்துப்போகாது; நாளடைவில் தகட்டில் சிலந்தி வலை போல நுண் வெடிப்பு வரும். காடி வாசம் வீசும் சாதாரண சிலிக்கோனும் பாலிகார்பனேட்டைத் தின்னும். நாங்கள் பியூட்டில் டேப் போட்டோம். சூயிங்கம் போல இழுபடும், என்றைக்கும் முழுதாக இறுகாது, தகடு நீண்டு சுருங்கும்போது கூடவே போகும். அது பிடிக்காவிட்டால் நியூட்ரல் வகை மெரின் சிலிக்கோன் போடலாம்.

விளிம்பில் மட்டும் காகிதத்தை உரித்து, டேப்பைச் சுற்றி ஒட்டி, ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் ஒரு சின்ன உருண்டை கூடுதலாக வைத்து, தகட்டை உட்கார வையுங்கள். எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே நாளில் இறுக்கி முடிக்காதீர்கள். டேப் மெதுவாகப் பிதுங்கி வெளியே வரும். அடுத்த மூன்று நாள், வெயில் ஏறிய பிறகு, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் 2 மில்லி டேப்பாவது மிஞ்ச வேண்டும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி எடுங்கள்.

சன்னலைத் துடைக்கத் தின்னர், ஆல்கஹால், அம்மோனியா கலந்த கண்ணாடி லோஷன் எதுவும் கூடாது. முதலில் நீர் ஊற்றி உப்பையும் மண்ணையும் கழுவி, பிறகு சோப்பு நீரும் மெத்தென்ற துணியும்.

ஒயரும் விளக்கும்

வெள்ளீயம் பூசிய செப்பு ஒயர் வாங்குங்கள். சாதாரண ஒயர் உப்புக் காற்றில் உள்ளேயே கறுத்துப்போகும். பேட்டரி நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அடிநீர் பம்பை மெயின் சுவிட்ச்சுக்கு முன்பாகவே, தனி ஃபியூஸோடு, மிதவை சுவிட்ச் வழியாக பேட்டரியில் இணையுங்கள். ஆள் இல்லாதபோது மழை நீர் நிறைந்தாலும் அது தானாக ஓட வேண்டும். ஒயரைச் சுவருக்கு வெளியே எடுக்கும் இடத்தில் ஒரு சின்ன வளைவு கீழே தொங்க விடுங்கள். ஒயரோடு வழியும் நீர் துளைக்குள் போகாமல் அங்கேயே சொட்டும்.

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 டிகிரிக்குத் தெரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இவற்றோடு எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு இருந்தால் போதும். கேபின் கூரை அதை மறைக்காத உயரத்தில் வையுங்கள்.

தாள் வேலையும் முதல் ஓட்டமும்

மீன் பிடிக்கும் படகு என்றால் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். சொந்த உலாவுக்கு என்றால் ஜபாத்தான் லாவுட் (கடல் துறை) அலுவலகத்தில் என்ன பதிவு வேண்டும் என்று பெயிண்ட் அடிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எண் எழுத இடம் விட வேண்டியிருக்கும்.

தண்ணீரில் இறக்கும் நாளில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சன்னல் விளிம்புக்கும் உட்பக்கம் டிஷ்யூ தாளை டேப்பால் ஒட்டி வையுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், துடுப்பு, நங்கூரம், வாளி, பவுடர் தீயணைப்பான், விசில், நீர் புகாத பையில் கைபேசி எல்லாம் ஏறட்டும். இன்ஜின் நிறுத்தும் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். இன்ஜின் நின்றுவிட்டால் ஆறே உங்களைக் கிளம்பிய ஜெட்டிக்குக் கொண்டுவந்து விடும். முதல் சில ஓட்டங்களில் கழிமுகத்தைத் தாண்ட வேண்டாம். விடியலுக்கு முன் மலாக்கா நீரிணையிலிருந்து வரும் சுமத்ராக் காற்று, அரை மணி நேரத்தில் அமைதியான தண்ணீரைப் புரட்டிவிடும்.

இன்ஜினிலிருந்து குளிர்நீர் பீச்சுகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பாருங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டிக் கழுவுங்கள். அப்புறம் உள்ளே போய் ஒவ்வொரு டிஷ்யூவாக எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு முன் சன்னலின் மேல் விளிம்பில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது. அப்படி நனைந்த இடம் இருந்தால் உட்பக்கமாக சீலண்ட் பூசி மறைக்காதீர்கள். நீர் துளைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். போல்ட்டைக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி, காயவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து புதிதாக அடையுங்கள்.